எண்ணூறுக்காரர்

தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் வரை எந்தப் புறநகர்த் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் உறை போட்ட மாருதி 800 ஒன்று நிற்கும். உறையின் மேல் ஒரு பூனை படுத்திருக்கும். பக்கத்தில் கைலியும் பனியனுமாக ஒருவர், பூனையைத் தொந்தரவு செய்யாமல் உறையின் ஓரத்தை மட்டும் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மின்வாரியப் பொறியாளர், தலைமையாசிரியர், இந்த மூவரில் ஒருவராகத்தான் இருப்பார். பென்ஷன், சர்க்கரை, பெங்களூரில் மகன் எல்லாம் அவருக்கு உண்டு. ஆனாலும் ராத்திரி அவரைத் தூங்கவிடாமல் புரட்டிப் போடுவது ஒரே கேள்விதான். இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, வேறு இன்ஜின் வாங்கி மாட்டுவதா?

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிவிடக் கூடாது. "வித்துடுங்களேன் சார்" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் நேராக 1983-க்குப் போய்விடுவார். டிசம்பர் 14, இந்திரா காந்தி கையால் முதல் மாருதியின் சாவியை வாங்கிய ஹர்பால் சிங். "குலுக்கல்ல விழுந்த வண்டிங்க அது. அந்த மனுஷன் 2010-ல கண்ணை மூடற வரைக்கும் வித்தாரா? நீங்களே சொல்லுங்க, வித்தாரா?" விற்கவில்லை என்பது உண்மைதான். அவர் போன பிறகு அந்த வண்டி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்ததே என்று நாம் ஞாபகப்படுத்தினால், "அதுக்கு ஹர்பால் சிங் என்ன பண்ணுவார்?" என்பார். பிறகு பெங்களூர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு. போகிற போக்கில், ஹர்பால் சிங் வாங்கியது பழைய ஷேப் என்றும், நம்முடையது 1986-இல் வந்த ஷேப் என்றும் ஒரு திருத்தம் போடாமல் விடமாட்டார்.

நம்முடையது 97 மாடல். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், நாலு கியர், இழுத்து விடுகிற சோக். இந்தத் தகவல்களை வழிப்போக்கரிடம்கூடச் சொல்வார்.

இன்ஜின் ஆயில் குடிக்கிறது. அதுதான் வியாதி. ஆனால் ஏன் குடிக்கிறது என்பதில்தான் அவருடைய ஆராய்ச்சியெல்லாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குப்பென்று கொஞ்சம் நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க வந்துகொண்டே இருந்தால் ரிங். வெள்ளையாக வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். இதையெல்லாம் கரைத்துக் குடித்தவர்தான். ஆனால் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி சைலன்ஸரைப் பார்க்க முடியாதல்லவா? அதனால் தினமும் காலை ஆறரை மணிக்கு அவர் மனைவி காப்பி டம்ளரோடு வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

"என்ன கலர்?"

"நீலமாத்தான் தெரியுது. கொஞ்சம் வெள்ளையும் இருக்கு."

"ஏதாவது ஒண்ணைச் சொல்லு!"

"ஏங்க, புகைங்க அது. புடவையா எடுக்கறேன் நிதானமா பார்த்துச் சொல்ல?"

பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலக்க ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு ஒரு புதிய சந்தேகம் வந்திருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியின் ரப்பர் குழாய்களுக்கும் சீல்களுக்கும் எத்தனால் ஒத்துக்கொள்ளாது என்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஆயில் குடிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மெக்கானிக் சொன்னதை அவர் ஏற்கவில்லை. ஒரு தவறுக்கு அரசாங்கத்தைக் காரணம் காட்ட முடியும் என்றால், அந்த வாய்ப்பை ஓய்வு பெற்ற எந்த அதிகாரியும் விடமாட்டார்.

மெக்கானிக் பாய் பாவம், பொறுமைசாலி. ஒரு நாள் மூன்று பிளக்கையும் கழற்றிவிட்டு, முதல் துளையில் கம்ப்ரஷன் கேஜை முறுக்கி, "சார், ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க" என்றார். முள் துள்ளித் துள்ளி ஏறி 150-இல் நின்றது. இரண்டாவது சிலிண்டர் 145. மூன்றாவதில் முள் 95-க்கு மேல் நகர மறுத்துவிட்டது. பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை அந்தத் துளைக்குள் விட்டு, மறுபடி கேஜை மாட்டி, மறுபடி செல்ஃப் அடிக்கச் சொன்னார். இப்போது 130. பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீங்களா சார், ஆயில் விட்டதும் ஏறுது. ரிங்கும் போரும்தான் தேய்ஞ்சிருக்கு. வால்வ் போயிருந்தா ஆயில் விட்டாலும் ஏறாது."

இதைவிடத் தெளிவாக ஒரு தீர்ப்பு உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் கிடைக்காது. வேறு ஆளாக இருந்தால் அன்றே விஷயம் முடிந்திருக்கும். எண்ணூறுக்காரருக்கு அன்றுதான் ஆரம்பித்தது.

"அப்ப ரிங்கை மட்டும் மாத்தினா?"

"போர் ஓவலாயிருந்தா புது ரிங் போட்டாலும் நிக்காது சார். லேத்துல குடுத்து ரீபோர் அடிச்சு ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்."

"ஓவலாயிருக்கா?"

"ஹெட்டைத் தூக்கிப் பார்த்தாத்தான் தெரியும்."

இந்த ஒரு வாக்கியம்தான் அவருடைய பரம எதிரி. திறந்து பார்த்தால்தான் தெரியும். திறந்துவிட்டால்? பிறகு திரும்பிப் போக வழியில்லை. ஹெட்டைத் தூக்கினால் ஃபேஸிங் என்பார்கள், பிஸ்டனை எடுத்தால் கனெக்டிங் ராடு பேரிங் என்பார்கள், அதோடு போனால் கிராங்க் கிரைண்டிங் என்பார்கள், "இவ்வளவு பண்றோம், ஆயில் பம்பையும் வாட்டர் பம்பையும் விட்டுவைப்பானேன்?" என்பார்கள். பாய் உத்தேசமாகச் சொன்ன தொகை, வண்டியை விற்றால் கிடைக்கும் தொகையை எட்டிப் பிடித்துவிட்டது. அதனால் திறக்கவும் விடாமல், திறக்காமல் தீர்ப்பும் சொல்லச் சொல்லி, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இதன் பிறகுதான் புதுப்பேட்டைப் படலம்.

எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தின் கரையில் இருக்கிற புதுப்பேட்டைக்குள் ஒரு வண்டி முழுசாகப் போனால் வெளியே வரும்போது உதிரிகளாக வரும் என்று சென்னையில் ஒரு பேச்சு உண்டு. அது பழைய பேச்சு. கதவுகள் ஒரு கடையில், கண்ணாடிகள் ஒரு கடையில், கியர் பாக்ஸ்கள் இன்னொன்றில் என்று பிரித்து அடுக்கியிருப்பதில் பல அரசு அலுவலகங்களில் இல்லாத ஒழுங்கு இருக்கிறது. நம்மவர் உள்ளே நுழைந்ததும் ஆயில் ஊறிக் கறுத்த தரையில் வரிசையாக இன்ஜின்கள். அவர் கேட்காமலே கடைக்காரர் ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினார்.

"டாக்டர் வண்டி சார். சிங்கிள் ஓனர்."

பக்கத்தில் இருந்ததைக் காட்டி, "அது?"

"அது லேடி டாக்டர்."

புதுப்பேட்டையில் இருக்கும் இன்ஜின் எல்லாமே மருத்துவர்களிடமிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் டாக்டர்கள் இவ்வளவு இன்ஜின்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எதில் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்பது விளங்காத மர்மம்.

கடைக்காரர் ஒரு பாட்டரியைக் கொண்டுவந்து, ஒரு பாட்டிலில் பெட்ரோல் தொங்கவிட்டு, இன்ஜினைத் தரையிலேயே ஓடவிட்டுக் காட்டினார். ஓடியது, நன்றாகவே ஓடியது. ஆனால் இரண்டு நிமிடம் பாரமில்லாமல் ஓடுகிற இன்ஜின், நாலு பேரை ஏற்றிக்கொண்டு கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது என்ன செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அது ஆயில் குடிக்கிறதா என்றும் தெரியாது. பழைய இன்ஜின் வாங்குவதில் இருக்கும் சூதாட்டம் இதுதான். தன் இன்ஜின் செய்த பாவங்கள் அவருக்கு ஒன்று விடாமல் தெரியும். இதன் பூர்வோத்தரம் தெரியாது. மாருதி 800 தயாரிப்பு நின்றது 2014 ஜனவரியில். ஆக, எவ்வளவு தேடினாலும் கிடைப்பது இன்னொரு கிழ இன்ஜின்தான்.

"ஆம்னி இன்ஜின் போடலாமே, அதுவும் 796 சிசிதானே? 2019 வரைக்கும் வந்துச்சே?" என்று நடைப்பயிற்சி நண்பர் ஒருவர் கொளுத்திப் போட்டார். நம்மவர் இரண்டு நாள் மலர்ந்த முகத்தோடு திரிந்தார். பாய்தான் அந்தப் பூவையும் கிள்ளினார். ஆம்னியில் இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் நீளவாக்கில் உட்கார்ந்து பின்சக்கரத்தை ஓட்டுகிறது, 800-இல் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டுகிறது. அதனால் சம்ப், மவுண்டிங் என்று பலதைப் பழசிலிருந்து எடுத்து மாற்ற வேண்டியிருக்கும். ஆல்டோ இன்ஜின் என்றால் கூடவே வயரிங், கம்ப்யூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் குடிவர வேண்டும். எதிர்வீட்டு இன்ஜினியரிங் மாணவன் ஒரு படி மேலே போய், "அங்கிள், வேகன் ஆர் இன்ஜின் போடுங்க, 1061 சிசி, வண்டி பறக்கும்" என்றான். கோயிலுக்கும் காய்கறி மார்க்கெட்டுக்கும் போகிற வண்டி பறந்து என்ன செய்ய? ஆனால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டார்.

குறிப்பதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. இடப்பக்கம் 'வேலை', வலப்பக்கம் 'மாற்று'. இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வரும்வரை அவர் ஓய்வதில்லை. வங்கியில் இருந்த பழக்கம்.

இதற்கு நடுவே சட்டம் வேறு. ஆர்.சி. புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டும் இருக்கின்றன. இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி, புது நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நாளை விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிப்பான். இதைக் கேட்டதும் அவருக்குத் தத்துவம் பிறந்துவிட்டது. தலையும் உடலும் மாறிப்போன இருவரில் கணவன் யார் என்று வேதாளம் விக்கிரமாதித்தனைக் கேட்டதே, அந்தக் கதையைப் பாய்க்கு முழுசாகச் சொல்லி, "இப்ப சொல்லுங்க பாய், வண்டிக்குத் தலை இன்ஜினா, பாடியா? இன்ஜினை மாத்தினா இது என் வண்டியா, அந்த டாக்டர் வண்டியா?" என்றார். பாய் யோசித்துவிட்டு, "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல ரெண்டு நம்பரையும் தேய்ச்சு எடுத்துட்டு வரச் சொல்லுவாங்க சார்" என்றார்.

2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. முணுமுணுத்துக்கொண்டே கட்டினார். கட்டியதுதான் வினை. எஃப்.சி. 2027 வரை இருக்கிறது என்பது இப்போது நோட்டின் இரண்டு பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. இவ்வளவு கட்டிவிட்டதால் வேலை பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு பக்கம். இன்னும் கொஞ்ச காலம்தானே, எதற்கு வேலை என்று மறுபக்கம்.

என்னைக் கேட்டால் கால் மேட்டைத் தூக்கிப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பேன். இந்த வண்டிகளில் இன்ஜினுக்கு முன்பே போவது தரைத் தகடு, அதற்கும் முன்பே பாட்டரித் தட்டு. ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்து, தகடு கெட்டியாக இருந்தால் சொந்த இன்ஜினையே ரீபோர் அடித்துச் சுகமாக ஓட்டலாம். முனை உள்ளே போய் ரோடு தெரிந்தால் எந்த இன்ஜினும் வேண்டாம். இந்தச் சோதனைக்குச் செலவே கிடையாது. எண்ணூறுக்காரர் புகையைப் பார்ப்பார், முள்ளைப் பார்ப்பார், கூவக்கரை வரை போய்ப் பார்ப்பார். மேட்டை மட்டும் தூக்கமாட்டார்.

சென்ற மாதம் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு எண்ணூறுக்காரர் இவரைத் தேடி வந்தார். அவருடையது 99 மாடல். கிளட்ச் போய்விட்டது, வேலை பார்ப்பதா வேண்டாமா என்று யோசனை கேட்டார். நம்மவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"வித்துடுங்க சார். இந்தக் காலத்துல இதுக்குப் போய்ச் செலவு பண்ணுவாங்களா?"

வந்தவர் முகம் வாடியது. நம்மவர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்ஜின் எப்படி? ஆயில் குடிக்குமா?"

"ஒரு சொட்டுக் குறையாது."

மறுவாரம் வாசலில் இரண்டு உறைகள் நின்றன. பூனைக்குக் குழப்பம். மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். பாயை வரவழைத்து, புது வரவின் இன்ஜினை இறக்கி நம் வண்டியில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவானது. பாய் இரண்டு வண்டிகளின் மேட்டையும் தூக்கிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தியும் பார்த்தார்.

"சார், உங்க வண்டி தகடு போச்சு. அந்த வண்டி பாடி கிண்ணுனு இருக்கு. இன்ஜினும் நல்லா இருக்கு. கிளட்சை மட்டும் போட்டு அதையே ஓட்டிடுங்களேன்?"

எண்ணூறுக்காரர் உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி, நடுவில் கோடு போட்டார்.

"பாய், ஒரு யோசனை. என் இன்ஜினை ரீபோர் அடிச்சு அந்த வண்டியில மாட்டினா?"

"அதுலதான் நல்ல இன்ஜின் இருக்கே சார்!"

"அதான் சொல்றேன். அதை எடுத்து இதுல மாட்டிட்டு..."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பையனை டீ வாங்கிவர அனுப்பினார்.