தட்டுவடைக்கு செட்டு உண்டு, டீமுக்கு செட்டர் எங்கே?

இந்த வாரத் தபால் பையைக் கவிழ்த்தால் மாம்பழ விலையும் மேட்டூர் தண்ணீரும் ஓரமாகக் கிடக்கின்றன. விழுந்ததில் பாதிக்கு மேல் வாலிபால். கல்லூரி டோர்னமெண்ட் சீசன் போலிருக்கிறது. சரி, சர்வீஸ் உங்களுடையது.

கே: அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன் எப்போது போன் செய்தாலும் 'எங்க காலேஜுக்கு நல்ல குவார்ட்டர்பேக் கிடைக்கவே இல்லை மாமா' என்று புலம்புகிறார். எனக்குக் கவலையாக இருக்கிறது.
— ஒரு மாமனார், ரயில்வே காலனி, சூரமங்கலம்

ப: கவலை வேண்டாம். நம் ஜங்ஷன் பக்கம் குவார்ட்டர்ஸ் என்றால் ரயில்வே வீடு. கடைசி 'ஸ்' கழன்றால் டாஸ்மாக். மருமகன் சொல்வது இரண்டும் இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் (பெயர்தான் கால்பந்து, பந்து பெரும்பாலும் கையில்தான்) ஒவ்வொரு முறையும் பந்து முதலில் இந்த ஆளின் கைக்கு வரும். எதிரே நெல் மூட்டை கணக்காக நாலு பேர் மேலே விழ ஓடி வருவார்கள். மூன்று விநாடிக்குள் யாருக்கு எறிவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

இந்த ஒருவனைத் தேடி அங்கே கல்லூரிகள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைகின்றன. பதினாறு வயதுப் பையனுக்கு ஹோட்டல் மாதிரி நான்கு நட்சத்திரம், ஐந்து நட்சத்திரம் என்று தரம் போடுகிறார்கள். 2021 ஜூலையிலிருந்து மாணவன் தன் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துக் காசும் பார்க்கலாம். இத்தனைக்குப் பிறகும் ஆள் சரியாக அமைவதில்லை.

நம் ஊரில் அந்த வேலை யாருக்கு என்றால், வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவனுக்கு. பழைய ஆட்களுக்கு அவன் லிஃப்டர், இப்போதைய பையன்களுக்கு செட்டர். உங்கள் மருமகன் புலம்பலும் நம் பி.டி. சார் புலம்பலும் ஒன்றுதான். பி.டி. சாருக்கு ஐ.எஸ்.டி. செலவு இல்லை.

கே: எங்கள் கல்லூரி டீமில் ஆறடிக்கு மேல் ஐந்து பேர். ஆனாலும் முதல் ரவுண்டிலேயே மூட்டை கட்டிவிட்டோம். என்ன குறை?
— விடுதி மாணவர், ஓமலூர் ரோடு

ப: சாயங்காலம் ஒரு தட்டுவடை செட்டுக் கடை முன்னால் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். கீழே ஒரு தட்டுவடை, மேலே ஒரு தட்டுவடை. நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி. சட்னி ஒரு சொட்டுக் கூடினால் வடை நமத்துப்போகும். குறைந்தால் தொண்டையில் நிற்கும். செய்து அரை நிமிஷம் தாமதித்தாலும் மொறுமொறுப்பு போச்சு. வடை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒரே வடைதான். கூட்டம் ஒரு கடையில் மட்டும் நிற்கிறது என்றால் அது அந்தக் கைக்கு.

உங்களிடம் ஐந்து வடை இருக்கிறது. கை இல்லை.

கே: செட்டர் கிடைக்கவில்லை என்கிறார்களே, டிரையல்ஸில் தேடுகிறார்களா?
— ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், ராசிபுரம்

ப: தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள், ஐயா. டிரையல்ஸ் காலையில் என்ன நடக்கும்? சுவரில் அளவுக்கோடு. பையன் விரலில் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு எம்பித் தொடுவான். வெள்ளைத் தடம் எங்கே விழுகிறது என்று டேப் வைத்து அளப்பார்கள். ஆண்கள் வலையின் உயரம் 2.43 மீட்டர், அதனால் அளக்க வேண்டியதுதான். ஆனால் டேப் அளப்பது உயரத்தை மட்டும். பந்து வருவதற்குள் அதன் கீழே கால் போய்விட்டதா, பந்து உள்ளங்கையில் படாமல் பத்து விரலிலும் உட்கார்ந்து எழுகிறதா, முன்னால் கொடுக்கப்போகிறானா பின்னால் கொடுக்கப்போகிறானா என்பது கடைசி நொடிவரை எதிராளிக்குத் தெரியாமல் இருக்கிறதா, இதற்கெல்லாம் சுவரில் கோடு கிடையாது.

விளைவு, உயரமானவன் அட்டாக்கர். குட்டையாகத் துறுதுறுவென்று இருப்பவன் பின்வரிசையைக் காக்கும் லிபரோ. மிச்சம் இருப்பவனைக் கூப்பிட்டு, 'தம்பி, நீ தூக்கிக் குடு.' இத்தனைக்கும் ஒவ்வொரு ரேலியிலும் இரண்டாவது தொடுகை அவனுடையது. ஒரே செட்டர் வைத்து ஆடும் முறையில் ஆறு சுற்றில் மூன்றில் அவன் முன்வரிசைக்கு வந்து பிளாக்கும் போட வேண்டும். ஆக உயரமும் வேண்டும், கையும் வேண்டும், மூளையும் வேண்டும். அதை மிச்சத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கே: வாலிபால் கோச்சுக்கும் கல்யாணத் தரகருக்கும் என்ன ஒற்றுமை?
— குறும்புக்காரர், செவ்வாய்ப்பேட்டை

ப: இருவரும் உயரத்தை எழுதிக்கொண்டுதான் பெயரைக் கேட்பார்கள்.

கே: என் மகன் பத்தாம் வகுப்பு. பி.டி. சார் அவனை லிஃப்டராகவே போடுகிறார். ஸ்மாஷ் அடிக்கிறவனுக்குத்தானே சீட்டும் வேலையும்? மாற்றச் சொல்லலாமா?
— ஒரு அப்பா, ஜாகீர் அம்மாபாளையம்

ப: சாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாருங்கள். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி தென்கொரியாவை ஐந்து செட் ஆடி வென்றது. கடைசி செட் 17-15. அந்த அணியில் இருந்த இரண்டு செட்டர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்: முத்துசாமி அப்பாவு, மோகன் உக்கிரபாண்டியன். அந்த முத்துசாமிதான் அதே ஆண்டு பிரைம் வாலிபால் லீக் கோப்பையை வென்ற அகமதாபாத் அணிக்குத் தலைவர். குஜராத் அணிக்குத் தூக்கிக் கொடுக்கவும் நம் ஊர்க் கை தேவைப்பட்டிருக்கிறது.

வேலை பற்றியும் கேட்டீர்கள். சூரமங்கலத்துப் பக்கத்தில் இருந்துகொண்டு ரயில்வேயை மறக்கலாமா? ஸ்போர்ட்ஸ் கோட்டா அறிவிப்பு வரும்போது வாலிபால் என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில் ஆடுபவர் தேவை என்றும் போடுவது உண்டு. அட்டாக்கர் இடத்துக்கு வரிசை ஜங்ஷன் வாசலைத் தாண்டி நிற்கும். செட்டர் இடத்துக்கு உங்கள் மகன் உட்கார்ந்துகொண்டே போகலாம்.

கே: ஒரு நல்ல செட்டரை உருவாக்க எவ்வளவு நாள் ஆகும்? எங்கள் கரெஸ்பாண்டெண்ட் 'அடுத்த மாதம் டோர்னமெண்ட், அதற்குள் ரெடி பண்ணுங்கள்' என்கிறார்.
— பெயர் வெளியிட விரும்பாத கோச், திருச்செங்கோடு

ப: போர்வெல் போடும் ரிக் வண்டியையே உங்கள் ஊரில் ஒரு மாதத்தில் கட்டித் தர மாட்டார்கள், மனுஷனைக் கட்டித் தரச் சொல்கிறாரா?

ஜப்பானின் கட்சுடோஷி நெகோடா என்ற செட்டரின் கணக்கைக் கரெஸ்பாண்டெண்ட் அறையில் ஒட்டிவையுங்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம். 1968 மெக்சிகோவில் வெள்ளி. 1972 மியூனிக்கில் தங்கம். வெண்கலம் தங்கமாக எட்டு வருஷம். அதற்கு முன்னால் சுவரில் பந்தைத் தட்டித் தட்டி விரல் பழகிய காலம் தனி.

அட்டாக்கர் வளர்வது தன் உடம்பைப் புரிந்துகொண்டு. செட்டர் வளர்வது மற்ற ஐந்து பேரின் உடம்பையும் புரிந்துகொண்டு. இவனுக்கு வலையை ஒட்டிக் கொடுக்க வேண்டும், அவனுக்கு ஒரு முழம் தள்ளிக் கொடுக்க வேண்டும், நடுவில் நிற்பவன் பந்து வருவதற்கு முன்பே எம்பிவிடுவான், அவன் கைக்கே போய்ச் சேர வேண்டும். நாலாவது செட்டில் யாருக்கு முழங்கால் வலிக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வருஷா வருஷம் அட்டாக்கர்களை மாற்றிக்கொண்டே இருந்தால் செட்டரும் வருஷா வருஷம் எல்.கே.ஜி.தான்.

கே: எங்கள் செட்டரை இரண்டாம் ஆண்டிலேயே வேறு கல்லூரி தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஃப்ரீ சீட்டு, ஃப்ரீ ஹாஸ்டல், ஷூ வேறு. இது நியாயமா?
— டீம் கேப்டன், நாமக்கல்

ப: தூக்கிக் கொடுப்பவனையே தூக்கிவிட்டார்களா! அமெரிக்காவில் இதற்கு 2018-லிருந்து 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்று முறையான வாசலே வைத்துவிட்டார்கள். மாற வேண்டுமா, பெயரைக் கொடு, கல்லூரிகள் கூப்பிடும். நம் ஊரில் அந்த போர்ட்டல், சீனியர் அண்ணனின் வாட்ஸ்அப்.

மாறுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். ஜோ பரோ என்ற குவார்ட்டர்பேக் ஒஹையோ ஸ்டேட்டில் மூன்று வருஷம் பெஞ்சைத் தேய்த்தார். 2018-ல் லூயிசியானாவின் எல்.எஸ்.யு.வுக்கு மாறினார். 2019 சீசனில் அந்த நாட்டுக் கல்லூரிக் கால்பந்தின் பெரிய விருதான ஹைஸ்மன் அவருக்கு, பட்டம் அணிக்கு. ஆனால் அப்பாக்கள் கவனிக்க: பழைய கல்லூரியில் டிகிரியை முடித்து வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார். ஷூவுக்காகப் போகிறவனுக்கு ஷூ மட்டும்தான் மிஞ்சும்.

கே: நட்சத்திரம் போட்டு, டேப் வைத்து அளந்து எடுக்கிற அமெரிக்கர்கள் தப்பே செய்வதில்லையா?
— கல்லூரி நூலகர், ஐந்து ரோடு

ப: 2000-ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது டாம் பிரேடி என்பவரை 199-ஆவது ஆளாக எடுத்தார்கள். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் விலைபோயிருந்தார்கள். பின்னாளில் அவர் வென்ற சூப்பர் பௌல் ஏழு. அளந்தவர்கள் ஓட்டத்தையும் உடம்பையும் சரியாகத்தான் அளந்தார்கள். பரபரப்பில் பதறாத தலையை அளக்க டேப் அங்கேயும் இல்லை.

கே: கிரிக்கெட்டைத் தொடாமல் ஒரு வாரம் ஓட்டுகிறீர்களே, நம் சின்னப்பம்பட்டி நடராஜன் ஞாபகம் இல்லையா?
— ரசிகர், தாரமங்கலம்

ப: ஞாபகம் இல்லாமலா? இந்தக் கதைக்கு அவரே சாட்சி. 2017 ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்து எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டு விக்கெட். ஆள் சரியில்லை என்று ஊரே தீர்ப்பு எழுதியது. 2018-ல் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, அந்த வருஷமும் அடுத்த வருஷமும் ஒரு ஆட்டம்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் கையைவிட்டும் விடவில்லை. 2020-ல் இறக்கினார்கள், 16 விக்கெட். அந்த டிசம்பரும் ஜனவரியுமாக ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டார். அதே கை, அதே யார்க்கர். நடுவில் இருந்தது இரண்டு வருஷப் பொறுமை.

கே: நான் காலேஜ் டீம் செட்டர். அவர்கள் வெளியே அடித்தாலும் 'பால் சரியில்லை' என்று என்னையே பார்க்கிறார்கள். பாயிண்ட் வந்தால் யாரும் பார்ப்பதில்லை.
— ஒரு மாணவி, ஏற்காடு அடிவாரம்

ப: நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸில் கேட்டுப் பாரம்மா. எந்த லோடு எந்த வண்டிக்கு என்று அங்கேதான் முடிவாகும். சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் டிரைவர் கெட்டிக்காரர். தாமதமானால் திட்டு ஆபீஸ் போனுக்கு. அதற்காக யாரும் ஆபீஸை மூடவில்லை. மூடினால் அத்தனை வண்டியும் ரோட்டோரம் நிற்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு ஆறுதல்: டபுள் டச் (ஒரே ஆள் கையில் பந்து அடுத்தடுத்து இருமுறை படுவது) விசில் உனக்கு எரிச்சலாக இருந்தால், அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் வாலிபாலில் 2024 முதல் இரண்டாவது தொடுகைக்கு அந்த விசிலை எடுத்துவிட்டார்கள், பந்து வலையைத் தாண்டாமல் நம் பக்கத்து ஆட்டக்காரிக்கே போனால். நம் ரெஃப்ரிக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டியிருக்காது. நீ விரலைப் பழக்கு.

கே: குறை சொன்னது போதும். வழி சொல்லுங்கள்.
— கோபக்கார வாசகர், சூரமங்கலம் உழவர் சந்தை

ப: தக்காளிக்குச் சொல்வதுபோல் மூன்று கூறு. ஒன்று, எட்டாம் வகுப்பில் விரல் நன்றாக இருக்கும் பையனைக் குறித்துவையுங்கள். உயரம் பிறகு வரும், வராவிட்டாலும் கை இருக்கும். இரண்டு, கல்லூரி அணியில் எப்போதும் இரண்டு செட்டர். மூத்தவன் ஆடும்போதே இளையவனுக்கு ஜெயித்த ஆட்டத்தில் ஒரு செட், தோற்ற ஆட்டத்திலும் ஒரு செட். தோற்றால் என்ன, குடி முழுகிவிடாது. மூன்று, ஸ்கோர் நோட்டில் அடித்தவன் பெயருக்குப் பக்கத்தில் கொடுத்தவன் பெயரையும் எழுதுங்கள். பேனா மை கொஞ்சம்தான் செலவாகும்.

கே: வாலிபால் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஆடியதுண்டா?
— சந்தேகப் பிராணி, மேட்டூர்

ப: உண்டு. கல்லூரியில் நானும் லிஃப்டர்தான். கல்லூரியின் பெயர் வேண்டாம். முதல் ஆண்டு, முதல் ஆட்டம், முதல் பத்து நிமிஷத்தில் இரண்டு டபுள் டச். உட்கார வைத்தார்கள். மூன்று வருஷமும் உட்கார்ந்தே இருந்தேன். தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கிக் கொடுப்பதில் மட்டும் நல்ல பெயர். மூன்றாவது டபுள் டச் வரைக்கும் ஆட விட்டிருந்தால் நாலாவது வந்திருக்காதோ என்று இன்றைக்கும் ஒரு நினைப்பு.

ஆகவே ஒரே வேண்டுகோள். உங்கள் ஊர் மைதானத்தில் முதல் ஆண்டுப் பையன் ஒருவன் பந்தைத் தூக்கும்போது தவறவிட்டால், விசில் ரெஃப்ரி ஊதட்டும். நீங்கள் ஊதாதீர்கள்.