24 அடி ரோடு

எங்கள் நகருக்கு நகர் என்று பெயர் வைத்தபோது அங்கே ஒரு வீடுகூடக் கிடையாது. சிமென்ட்டில் ஓர் ஆர்ச் இருந்தது. உள்ளே நுழைந்தால் முழங்கால் உயரத்துக்கு வெள்ளையடித்த கற்கள், கற்களின் தலையில் சிவப்பு எண்கள், எண்களுக்கு நடுவே மேயும் ஆடுகள். எண்பதுகளின் தொடக்கம். தாம்பரத்துக்குக் கிழக்கே நெல் விளைந்த நிலமெல்லாம் கல் விளைய ஆரம்பித்திருந்த காலம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வரும். மனை பார்க்க வந்தவர்களுக்கு மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு. புரோக்கர் கையில் ஒரு ப்ளூ பிரின்ட். விரித்தால் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும். அந்தத் தாளில் இல்லாதது இல்லை. பூங்கா, பள்ளிக்கூடம், கடைகள், ஒன்பது குறுக்குத் தெருக்கள். எல்லாத் தெருவும் ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. அப்பா தாளையும் தரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரோடு எங்கேப்பா?” என்றார்.

“நீங்க நிக்கிறதே ரோட்டுலதான் சார். 24 அடி. எதிரெதிரே ரெண்டு லாரி தாராளமாப் போகலாம்.”

அப்பா நின்றுகொண்டிருந்தது ஒரு வரப்பின் மேல்.

மனை வாங்கினோம். ‘அப்ரூவ்டு’ என்று புரோக்கர் சத்தியம் செய்தார். யார் அப்ரூவ் செய்தது என்ற கேள்வி அன்று யாருக்கும் தோன்றவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. லேஅவுட்டுக்கு ஒப்புதல் தரும் வேலை பஞ்சாயத்துடையது இல்லை என்பதெல்லாம் எங்கள் ஊருக்கு எட்ட ரொம்ப நாளாயிற்று. பஞ்சாயத்துத் தலைவரின் ரப்பர் ஸ்டாம்ப் அதற்குள் நிறைய மை குடித்திருந்தது.

வரைபடத்தின் ஒன்பது குறுக்குத் தெருவில் நாலாவது கடைசிவரை பிறக்கவில்லை. அது போக வேண்டிய இடத்தில் ஒரு பெரியவரின் கிணறு இருந்தது. அவர் விற்க மறுத்துவிட்டார். தபால்காரர் மட்டும் பல வருஷம் அந்தத் தெருவைத் தேடிக்கொண்டிருந்தார். பூங்கா என்று பச்சை அடித்திருந்த இடம் பிற்பாடு மூன்று மனையாகி, அதில் ஒன்றில் அரிசி மண்டி வந்தது. ஆறாவது தெரு நேராகப் போய் ஒரு மனையின் நெற்றியில் முட்டும். தெருக்குத்து. அதை வாங்க ஆள் வரவில்லை. புரோக்கர் யோசித்துப் பார்த்து அங்கே ஒரு பிள்ளையாரை உட்கார வைத்தார். நகருக்குக் கோயில் கிடைத்தது. பக்கத்து மனைகளுக்கு ‘கோயில் அருகில்’ என்று சதுர அடிக்கு விலையும் ஏறியது.

இத்தனை கோளாறுக்கும் நடுவில் ஒரு விஷயம் ஒழுங்காக நடந்தது. எங்கள் நகருக்கும் பக்கத்து நகருக்கும் இடையில் சுவர் எழுப்ப யாரிடமும் காசு இல்லை. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், மேய்ச்சலுக்குப் போன மாடுகள், ரேஷன் கடைக்குப் போன அம்மாக்கள் எல்லோரும் காலி மனைகளில் குறுக்கே நடந்து நடந்து ஒற்றையடிப் பாதைகள் போட்டார்கள். சில இடங்களில் வீடு கட்டியவர்களும் அந்தப் பாதையை விட்டே கட்டினார்கள். பிறகு வந்த பஞ்சாயத்து, மாடு போன வழியிலேயே சிமென்ட் போட்டது. நாங்கள் மூன்று நகரைக் கடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போவோம். எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாது.

24 அடி என்ன ஆனது என்று கேட்பீர்கள். தாளில் பத்திரமாக இருக்கிறது. தரையில், இரண்டு பக்கமும் வீட்டுக்காரர்கள் கேட்டுக்கு வெளியே காருக்குச் சாய்தளம் போட்டார்கள், பக்கத்துக்கு மூன்றடி. சாய்தளம் தாண்டித் துளசி மாடம், செம்பருத்தி, கார். மிச்சத்தில் ஒரு லாரி போனால் எதிரே வரும் ஆட்டோ ரிவர்ஸ் எடுக்க வேண்டும். அகலம்தான் குறைந்ததே தவிர உயரம் குறையவில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் கொட்டியதில், தேர்தலுக்குத் தேர்தல் ரோடு ஏறியது. இரண்டு படி ஏறி நுழைந்த எங்கள் வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போகிறோம். மழைநீர் எங்களுக்கு முன்பே போய்விடுகிறது.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்றது. ஊரே ஸ்தம்பித்தது. மறுவருஷம் அரசாங்கம் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டினால் மன்னிப்பு. பேரன் பேத்தி எடுத்த வீட்டுக்கு அப்பா வரிசையில் நின்று பிறப்புச் சான்றிதழ் வாங்கி வந்தார்.

இப்போது என் தங்கை வண்டலூர் – கேளம்பாக்கம் சாலைக்கு உள்ளடங்கி வாங்கியிருக்கும் இடத்துக்கு வருவோம். அங்கே எதுவும் குறைசொல்ல முடியாது. ஒப்புதல் எண் இருக்கிறது, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் ரெரா எண் இருக்கிறது. தெருமுனைகளில் மனையின் மூலையை வெட்டி ஸ்ப்ளே விட்டிருக்கிறார்கள், வண்டி திரும்பும்போது எதிரே வருவது தெரிய. ரோட்டுக்கு ஓரத்தில் மூடிய வடிகால். விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் போட்ட லேஅவுட்.

அந்த விதிப்புத்தகத்தில் எனக்குப் பிடித்த சூத்திரம் ஒன்று உண்டு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்ட விதிகளில் வந்தது அது: தெரு எவ்வளவு நீளமோ அதற்கேற்ப அகலம். 120 மீட்டருக்குள், 16 மனைக்குள் என்றால் 7.2 மீட்டர் போதும். 240 மீட்டர் வரை 9 மீட்டர். அதற்கு மேல் போகப் போக 10, 12, 18. நியாயமான கணக்குதான், நீளமான தெருவில் வண்டி அதிகம் வரும். ஆனால் விற்கிறவர் கண்ணோடு படித்துப் பாருங்கள். தெருவை நீட்டினால் அகலம் கேட்கிறது, அகலம் மனையைத் தின்கிறது. ஆகவே தெருவை நீட்டாதே, சட்டென்று நிறுத்து. 7.2 மீட்டர் ஏறத்தாழ நம் பழைய புரோக்கரின் 24 அடிதான் என்பதையும் கவனிக்க வேண்டும். மனுஷர் ஸ்கேல் இல்லாமலேயே சொன்னார்.

பூங்காவுக்கும் கணக்கு உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேல் லேஅவுட் போட்டால், ரோடு போக மிச்சத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட்டே தீரவேண்டும். அதற்குக் கீழே, 3,000-க்கு மேலே என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். தங்கை வீட்டுப் பக்கம் பூங்கா நிஜமாகவே இருக்கிறது. எங்கே என்றால், மூன்று தெரு வந்து முட்டும் இடத்தில். தெருக்குத்துக்கு எங்கள் புரோக்கர் பிள்ளையாரை வைத்தார். இவர்கள் சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள்.

இந்த ரோடும் பூங்காவும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை. அதாவது எனக்கும் உங்களுக்கும் சொந்தம். அந்தச் சொந்த ரோட்டில் நான் நுழைய வேண்டுமானால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர் எழுத வேண்டும். “யாரைப் பார்க்கணும் சார்?” “ரோட்டைத்தான்” என்று சொல்லிப் பார்த்தேன். அவர் போனில் இருந்த ஆப்பில் அதற்குப் பட்டன் இல்லை.

தங்கையின் சிநேகிதி அடுத்த லேஅவுட்டில் இருக்கிறாள். மொட்டை மாடியில் நின்றால் இருவரும் கையாட்டிக்கொள்ளலாம். நடுவில் ஏழடிச் சுவர். இட்லி மாவு கடன் வாங்கத் தங்கை மெயின் ரோட்டுக்கு வந்து, இரண்டு கேட்டில் பெயர் சொல்லி, சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மாவு புளித்துவிடும். பக்கத்து நிலத்தின் தெருவோடு இணைய வேண்டும் என்றுதான் இரண்டு வரைபடத்திலும் அந்தத் தெருக்கள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. சில இடங்களில் சுவர்கூட வேண்டாம். தெருவின் கடைசியில் ஒரே ஒரு அடி நிலத்தை விற்காமல் தன் பெயரிலேயே வைத்துக்கொள்வார்கள். அந்த ஓரடி இருக்கும்வரை அடுத்தவன் நம் ரோட்டைத் தொட முடியாது.

திட்டமிட்டுப் போட்ட நகர் என்றால் இப்படித்தான் என்றும் சொல்வதற்கில்லை. 1920-ல் மதராஸ் நகர அமைப்புச் சட்டம் வந்த பிறகு, நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்துத் தியாகராய நகரைப் போட்டார்கள். ஏரியைத் தூர்த்த பாவம் தனிக் கணக்கு. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை. ஆனால் அவர்கள் போட்ட தெருக்கள் பனகல் பார்க்கில் வந்து கூடின. எந்தத் தெருவில் நுழைந்தாலும் எங்காவது போய்ச் சேரலாம். தீபாவளி வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்கிறார்கள் என்பது வேறு.

போன வருஷம் அந்த ஏழடிச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு விழுந்தது. மழையில் விழுந்தது என்று குடியிருப்போர் சங்கத்தின் பதிவேடு சொல்கிறது. வீட்டுவேலைக்கு வரும் அக்காமார்கள் சிரிக்கிறார்கள். சங்கத்தில் அவசரக் கூட்டம் போட்டார்கள். வழி விட்டால் பாதுகாப்பு போய்விடும் என்றார் தலைவர். ரேட்டும் போய்விடும் என்றார் பொருளாளர். அடைப்பதென்று தீர்மானமாகிச் செங்கல் வந்து இறங்கியது. அதே வாரம், திறப்புக்குப் பக்கத்து மனைக்காரர் மறுவிற்பனைக்கு விளம்பரம் கொடுத்திருந்தார்: சதுர அடிக்கு 200 ரூபாய் கூடுதல், பஸ் ஸ்டாப்புக்கு 3 நிமிட நடை. விசாரித்தோம். கூட்டத்துக்கு வந்து அடைக்கச் சொல்லிக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர்.