பால்புட்டி மகாத்மியம்

இந்த நாட்டில் சாராயத்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது. சிகரெட்டுக்குக் கூடாது. பால்புட்டிக்கும் கூடாது. முதல் இரண்டும் ஊருக்கே தெரியும். மூன்றாவது யாருக்கும் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் புட்டி விற்கிறார்கள்.

1992-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. 2003-ல் அதை இன்னும் இறுக்கியது. டப்பாப் பாலையும் பால்புட்டியையும் விளம்பரப்படுத்தாதே, இலவச மாதிரி கொடுக்காதே, கர்ப்பிணியைத் தேடிப் போய்ப் பேசாதே, டாக்டருக்குப் பரிசு தராதே, அவர்களுடைய கருத்தரங்குக்குப் பணம் கட்டாதே, பால் டப்பாவில் தாய் படமோ குழந்தை படமோ போடாதே என்று அடுக்கடுக்காகச் சொல்கிறது அது. இவற்றில் பெரும்பாலானவற்றை மீறினால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐயாயிரம்! கடையில் கொஞ்சம் உசத்தியான மின்சாரப் பால் உறிஞ்சி ஒன்றுக்கு ஆகும் காசு. பன்னாட்டுக் கம்பெனிகள் இந்தத் தொகையைக் கேட்டு எப்படி நடுங்கியிருக்கும் என்று நினைத்தாலே பாவமாக இருக்கிறது.

இந்தச் சட்டத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1981 மே மாதம் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடி, டப்பாப் பால் வியாபாரத்துக்குக் கடிவாளம் போடும் நெறிமுறையை ஓட்டுக்கு விட்டது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒரு கை அமெரிக்காவினுடையது. அதே பேரவையில் இந்திரா காந்தி போய்ப் பேசினார். பேசிவிட்டு வந்த பிறகு நம் ஊரில் சட்டம் வரப் பதினொரு வருடம் ஆயிற்று. அதற்குள் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விட்டன.

ஆகவே, விளம்பரம் என்ற பாவத்தில் கால் வைக்காமல், முழுக்கப் பொதுநல நோக்கோடு, தர்மபுரி மாவட்டத்துத் தாய்மாருக்குப் பால்புட்டி வாங்கும் முறையைச் சொல்லித் தரலாம் என்று உத்தேசம்.

முதலில் கடை. எந்த ஊர் பெரியாஸ்பத்திரியானாலும் வாசலில் நாலு மெடிக்கல் இருக்கும். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் பால் டப்பா, நடுத்தட்டில் புட்டி, கீழ்த்தட்டில் சத்து டானிக். பிளாஸ்டிக் கவரில் மருந்துச் சீட்டோடு ஒரு இளவட்டம் வந்து நிற்கும். பின்னால் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் மாமியார்.

“எத்தன மாசம்?”

“நேத்து ராத்திரிதாங்ணா பொறந்துச்சு.”

“பாப்பாவா, பையனா?”

“பையனுங்க.”

“அப்ப நல்லதாவே எடுத்துக்குங்க.”

மூன்று புட்டி மேசைக்கு வரும். ஒன்று சாதா. இன்னொன்று வாய் அகன்றது. அதன் ரப்பர் ‘அப்படியே அம்மா மாதிரியே’ இருக்குமாம். மூன்றாவதன் வயிற்றுக்குள் ஒரு குழாய் ஓடுகிறது; காற்றே போகாது, குழந்தைக்கு வயிற்றுவலியே வராது. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைக்கு இன்னும் வராத வயிற்றுவலிக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டு மருமகன் மூன்றாவதை வாங்குகிறான். மாமியார் ஒரு பெரிய டப்பாவையும் கை காட்டுகிறார்.

பெட்டியில் ‘பிபிஏ இல்லாதது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பிபிஏ கசிகிற பாலிகார்பனேட்டில் பால்புட்டி செய்யவே கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-லேயே சொல்லிவிட்டது. இருக்கவே கூடாத ஒன்று இல்லை என்று சொல்லித்தான் அந்தப் பெட்டி பெருமைப்படுகிறது. அதன் இடத்துக்கு வந்தது பாலிப்ரொப்பிலீன். 2020-ல் டப்ளினில் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் அந்தப் புட்டியில் வெந்நீர் ஊற்றி, பால் கரைக்கிற மாதிரியே குலுக்கி, உள்ளே என்ன கழன்று வருகிறது என்று எண்ணினார்கள். லிட்டருக்கு 1.6 கோடி நுண்துகள் வரை வந்தது. தண்ணீர் சூடாகச் சூடாக எண்ணிக்கையும் ஏறியது. கொதிக்க வைக்காத புட்டியில் கிருமி, கொதிநீர் ஊற்றிய புட்டியில் பிளாஸ்டிக். எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ள நம் தாய்மாருக்குப் பூரண சுதந்திரம் உண்டு.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் தர்மபுரி மற்ற மாவட்டங்களை விட உசத்தி. டப்பாவின் முதுகில் ‘தண்ணீரை நன்கு கொதிக்க வைக்கவும்’ என்று எழுதியிருப்பார்கள். எழுதியவர் பென்னாகரம் பக்கம் வந்திருக்க மாட்டார். இந்த மண்ணின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல் பழுத்து, மூட்டு மடங்காமல், நாற்பது வயதிலேயே குனிந்து நடக்கிற ஆட்களை இந்த மாவட்டம் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. அதற்காகவே ஜப்பானிடம் கடன் வாங்கி, 1,900 கோடிக்கு மேல் செலவழித்து, ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் திறந்து வைத்தார்கள். காவிரித் தண்ணீர் வரும் நாளில் சரி. குழாயில் காற்று வரும் நாளில் கை ஆழ்துளைக் கிணற்றுக்குத்தான் போகும்.

ஃபுளோரைடு கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகும், ஃபுளோரைடு சட்டியிலேயே நிற்கும். அதாவது சொன்னபடி கேட்டு, பத்து நிமிஷம் கொதிக்க விடுகிற பொறுப்பான தாய்தான் தன் பிள்ளைக்குக் கூடுதல் அடர்த்தியில் ஊற்றுகிறாள். அவள் குடிக்கிற தண்ணீரும் அதே கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் அவள் உடம்பு அதை வடிகட்டிவிடுகிறது. தாய்ப்பாலுக்குள் போகிற ஃபுளோரைடு மிக மிகச் சொற்பம். ஜப்பான் கடனில்லாமல், டெண்டர் இல்லாமல், கமிஷன் இல்லாமல் இந்த மாவட்டத்தில் ஓடுகிற ஒரே ஃபுளோரைடு நீக்கும் நிலையம் அது ஒன்றுதான். அதை மூடிவிட்டு, மேசை மேல் புட்டியைக் குலுக்குகிறோம்.

சரி, விலைக்கு வருவோம். 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி, தலை தட்டி. இரண்டு மூன்று மாதக் குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். மாவு நூறு கிராமுக்கு மேல் போகும். 400 கிராம் டப்பா மூன்று நாள் தாங்கும். இழுத்துப் பிடித்தால் நாலு. டப்பா விலை நானூறு ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். அதுவும் முழுசாகக் கைக்கு வந்தால். இந்தக் கணக்கைப் பள்ளிக்கூடம் போகாத தாயும் போட்டுவிடுவாள். விடை என்ன தெரியுமா? கரண்டியில் பாதி. அடுத்த வாரம் கால். புட்டி நிறையத் தண்ணீர், அதில் வெள்ளையாக ஒரு நிறம். பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கும், வயிறு நிறைந்த மாதிரியே. 1970-களில் ஆப்பிரிக்காவில் இப்படித்தான் குழந்தைகள் வற்றிச் செத்தன. அதற்காகத்தான் 1977-ல் நெஸ்லே பொருள்களை வாங்காதே என்று மேல்நாட்டில் இயக்கமே நடத்தினார்கள்.

“பால் பத்தலைன்னா என்னதான் பண்றது?” என்று கேட்கிறீர்கள். இந்த வியாபாரத்தின் மூலதனமே ‘பால் பத்தலை’ என்ற அந்த இரண்டு சொல்தான். பிறந்த குழந்தையின் வயிறு சின்னஞ்சிறியது. முதல் இரண்டு மூன்று நாள் ஊறுகிற சீம்பால் அதற்குப் போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ஆனால் வார்டில் பார்க்க வருகிற பெரியம்மா, சின்னம்மா, எதிர்க் கட்டில் பாட்டி எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள்: ‘புள்ளைக்குப் பத்தலை.’ தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் வயிற்றைக் கிழித்துத்தான். தையல் வலியோடு மல்லாந்து கிடக்கிறவளைத் தூக்கி உட்கார்த்தி, பிள்ளையை மார்பில் பிடித்துக் காட்ட ஆள் இல்லை. புட்டி நுழைகிறது. புட்டியில் குடித்த பிள்ளை மார்பில் சப்பாது. சப்பாத மார்பில் ஊறாது. நாலாம் நாள் பெரியம்மாவின் தீர்மானம் உண்மையாகிவிடுகிறது. அவளைத் தீர்க்கதரிசி என்று ஊர் மெச்சுகிறது.

டப்பாப் பால் கொடுக்கவே வேண்டிய குழந்தைகள் உண்டு. தாய் இறந்த பிள்ளை, தாய்க்குக் கடும் நோய், அரசாங்கத் தொட்டிலில் விட்டுப் போன பிள்ளை. என் கோபம் அவர்கள் மேல் இல்லை. அவர்களை வளர்க்கிறவர்கள் மேலும் இல்லை. ஆனால் அந்தக் குழந்தைக்கும் புட்டி தேவையில்லை. நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கிறதே, மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம், அதைத்தான் எடை குறைந்த பச்சிளங்குழந்தைகளுக்கு இன்றைக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் நர்சுகள் பயன்படுத்துகிறார்கள். மூலை முடுக்கு இல்லை, ரப்பர் இல்லை, குழாய் இல்லை. உலைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் முடிந்தது. அதை ஏன் யாரும் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் வைப்பதில்லை? எவர்சில்வர் பாலாடை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேய்ந்து போவதில்லை, வேறென்ன.

பாலாடையைப் பற்றிப் பேசுகிறபோது பிள்ளைக்குப் பால் புகட்டுகிற சங்கையும் சொல்ல வேண்டும். தர்மபுரி, சேலம், உசிலம்பட்டி பக்கத்துச் சங்குக்கு ஒரு சரித்திரம் உண்டு. பெண் பிறந்தால் அதில் கள்ளிப்பால் ஊற்றினார்கள். முதல் தீனியும் கடைசித் தீனியும் ஒன்றே, செலவும் மிச்சம். 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-ல் தர்மபுரிக்கும் நீண்டது. கொல்லாதே, எங்கள் தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று ஒரு அரசாங்கம் தன் குடிமக்களைக் கெஞ்ச வேண்டியிருந்தது. அதே 2001-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் பையன்களுக்கு 900 பெண் குழந்தைகள்கூட இல்லை. இப்போது கள்ளிப்பால் கொடுமை குறைந்துவிட்டது என்று மார்தட்டுகிறோம். ஸ்கேன் வந்துவிட்டதே, கள்ளி எதற்கு? கருவில் பாலினம் பார்ப்பது 1994-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். 2022-ல் தர்மபுரியில் கையடக்க ஸ்கேன் கருவியோடு அதைத் தொழிலாகவே நடத்திய கும்பலைப் பிடித்தார்கள். மெடிக்கல்காரர் ‘பாப்பாவா, பையனா’ என்று கேட்டுவிட்டு விலை சொன்னார் என்றால், அவர் ஊரின் நாடியைப் பிடித்தவர்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2014 நவம்பரில் தர்மபுரி அரசு மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் இறந்தன. எடைக் குறைவு, மூச்சுத் திணறல் என்று விளக்கம் வந்தது. குழந்தைக்கு எடை ஏன் குறைந்தது, தாயின் தட்டில் என்ன இருந்தது என்று கேட்க அமைச்சர்களுக்கு நேரமில்லை. அடுத்த வருடம் ‘அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகம்’ வந்தது. சோப்பு, ஷாம்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று பதினாறு பொருள். பால்புட்டி இல்லை, அந்த மட்டும் நல்லது. பால் டப்பாவில் தாய் படம் போடக் கூடாது என்பதுதானே சட்டம், பெட்டகத்தில் முதலமைச்சர் ‘அம்மா’ படம் போடலாம். போட்டார்கள். அதே 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல யோசனை. பல ஊர்களில் அந்த அறைக்குப் பூட்டும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். சாவி டைம் கீப்பரிடம் இருக்கும், டைம் கீப்பர் டீக்கடையில் இருப்பார், பிள்ளை பசியில் நீலம் பாரிக்கும்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பால் வாரம். நர்சிங் மாணவிகள் வெயிலில் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள். கையெழுத்து இயக்கம், உறுதிமொழி, கோலப் போட்டி. மேடையில் நாலைந்து ஆண்கள், சால்வையோடு, பாலூட்டுவதன் மகத்துவத்தைப் பேசுவார்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்பார்கள். முற்றிலும் சரி. கைதட்டுகிறவர்களில் செங்கல் சூளைக்காரி இருக்க மாட்டாள். பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போனவள் இருக்க மாட்டாள். பிறந்து நாற்பது நாளில் பிள்ளையை மாமியாரிடம் புட்டியோடு விட்டுவிட்டு, தொப்பூர் கணவாய் தாண்டியோ ஓசூர் தாண்டியோ வேலைக்குப் பஸ் பிடித்தவள் இருக்கவே மாட்டாள். அவளுக்குத் தாய்ப்பாலின் அருமை தெரியாது என்று அந்த மேடை முடிவு கட்டும். ரவிக்கை நனைந்து கட்டிக்கொள்ள, சந்து மறைவில் பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுகிறவளுக்கா தெரியாது?

மேடையில் இருக்கிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியப் பெண்ணுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு பன்னிரண்டு மாதம், முழுச் சம்பளத்தோடு. கொடுத்தது நியாயம், பறிக்கச் சொல்லவில்லை. கூலிக்காரிக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய், தவணை தவணையாக, அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக. அத்தனையையும் ரொக்கமாக ஒரே நாளில் அவள் கையில் வைத்தீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக் கூலியான அந்த 336 ரூபாயால் வகுத்தால் 53 நாள் வருகிறது. நீங்கள் கேட்பது 180 நாள். மிச்சம் 127 நாளுக்கான கூலியை அவளுக்குக் கொடுங்கள். கொடுக்க முடியாதென்றால், அடுத்த ஆகஸ்டில் அந்தச் சால்வையை மடித்து வைத்துவிட்டு வீட்டிலேயே இருங்கள்.