பாக்கி மூன்று ரூபாய்: திரும்பி வராத சில்லறை பற்றி வடசென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

இந்த ஆராய்ச்சியின் மூலச்சான்று இரண்டு விரல் அகலமுள்ள ஒரு காகிதம். முன்பக்கம் ரூ.7 என்று அச்சு. பின்பக்கம் நீல மையில், சாய்வாக, ‘3’ என்று ஓர் எண். அதைச் சுற்றி அவசரமாகப் போட்ட ஒரு வட்டம். வட்டத்தின் இரு முனைகளும் தொடவில்லை. ஓடும் பஸ்ஸில், கம்பியில் சாய்ந்துகொண்டு போட்டது என்பதற்கு அதுவே அகச்சான்று. புறச்சான்று அடியேன். ராயபுரம் கல்மண்டபத்தில் ஏறிப் பத்து ரூபாயை நீட்டியவன். “எறங்கும்போது வாங்கிக்கபா” என்ற வாக்கை நம்பியவன். திருவொற்றியூர் தேரடியில் முன்வாசலில் நான், பின்வாசலில் கண்டக்டர், நடுவில் நாற்பது பேர் என்றிருந்த நேரத்தில் விசில் ஊதப்பட, இறங்கி நின்றவன்.

மூன்று ரூபாய் போனதில் எனக்கு வருத்தமில்லை. (பொய். ஆனால் ஆய்வாளன் அப்படித்தான் தொடங்க வேண்டும்.)

முதலில் கலைச்சொற்கள். மீதியும் பாக்கியும் ஒன்றே என்று அகராதி சொல்லும். களத்தில் அப்படியில்லை. கடைக்காரர் கல்லாவைத் துழாவிக்கொண்டிருக்கும்வரை அது மீதி. “அப்பறம் வாங்கிக்குங்க” என்று வாய்திறந்த நிமிஷத்தில் பாக்கி. இனி வராது என்று இரு தரப்புக்கும் தெரிந்த பிறகு அதற்குப் பெயர்ச்சொல்லே கிடையாது. “போவுது வுடு” என்ற வாக்கியம் மட்டும் உண்டு. காதறுந்த ஊசி ஒன்றைப் பார்த்துவிட்டு, கடல் வாணிபத்தில் சேர்த்த அத்தனை செல்வத்தையும் உதறிக் கிளம்பிய பட்டினத்தார், கடைசியில் வந்து அடங்கியது எங்கள் திருவொற்றியூர்க் கடற்கரையில். எனவே “போவுது வுடு” என்பதன் பிறப்பிடம் இந்த ஊரே என்பது என் துணிபு. நாணயம் என்றால் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு என்பதைச் சொல்லாமல் தமிழில் காசு பற்றிய கட்டுரை எதுவும் முடிவதில்லை. சொல்லியாயிற்று, மேலே போகலாம்.

இத்துறையில் முன்னோடிகள் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் பஞ்சம். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவனே நாளொன்றுக்கு ஒரு காசு படியளந்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அப்பர் காசுக்குக் கடைத்தெருவில் பண்டம் உடனே கிடைத்தது. சம்பந்தர் காசுக்கு மட்டும் வணிகர்கள் கழிவு பிடித்தார்கள். அதனால் அவர் மடத்தில் தினமும் சாப்பாடு தாமதம். விசாரித்ததில், அப்பர் உழவாரம் பிடித்துக் கைத்தொண்டு செய்பவர், அதனால் அவருக்கு நல்ல காசு என்று தெரியவந்தது. சம்பந்தர் என்ன செய்தார்? கடைக்காரரிடம் சண்டை போடவில்லை. காசு கொடுத்தவரிடமே போய், கழிவில்லாத காசாகக் கொடு என்று பதிகம் பாடி வாங்கினார். குறைந்த சில்லறைக்காக மேலிடத்தில் முறையிட்டு வென்றவர் என்று எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

காசு மாற்றும்போது பிடிக்கும் இந்தக் கழிவுக்குப் பழைய தமிழில் வாசி என்று பெயர். வட்டம் என்றும் சொல்வார்கள். கண்டக்டர் என் மூன்றைச் சுற்றிப் போட்டது என்னவென்று இப்போது விளங்கியிருக்கும்.

கும்பினிக் காலத்துச் சென்னைக்கு வந்தால் வட்டம் ஒரு தொழிலாகவே இருந்தது. எண்பது காசு ஒரு பணம், நாற்பத்திரண்டு பணம் ஒரு வராகன் என்பது கும்பினிக் கணக்கு. அதாவது ஒரு வராகனை மாற்றினால் 3,360 காசு வரவேண்டும். அத்தனையையும் எண்ணிப் பார்த்தவன் யார்? காசு மாற்றும் சராப்பு எண்ணினான், மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்தார்கள். ராயபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் தங்கசாலைத் தெரு. அங்கிருந்த நாணயச்சாலை 1869-ல் மூடப்பட்டுவிட்டது. அன்று தொடங்கிய சில்லறைத் தட்டுப்பாடு இன்னும் தீரவில்லை என்று எழுதினால் ஆய்வுக்குழு ஒப்புக்கொள்ளாது, ஆனால் எங்கள் தெரு ஒப்புக்கொள்ளும். இன்னொரு பக்கம், எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய ‘டொய்ட்’ என்ற செப்புக்காசுதான் நம் வாயில் ‘துட்டு’ ஆனது. சென்னையில் ஒருவன் “துட்டு கீதா?” என்று கேட்கும்போது அறியாமலே ஆலந்துமொழி பேசுகிறான்.

பிறகு 1957 ஏப்ரல் 1. பதினாறு அணா ரூபாய் நூறு நயா பைசா ஆனது. நாலணா கணக்காக இருபத்தைந்தில் விழுந்தது. ஓரணாவோ ஆறேகால் பைசா. அந்தக் கால் பைசா எந்தக் கல்லாவில் தங்கியிருக்கும் என்று வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜூன் 30-க்குப் பிறகு நாலணாவே செல்லாமல் போயிற்று. ஐம்பது காசு இன்றைக்கும் செல்லும். நாணயச் சட்டப்படி பத்து ரூபாய்வரை ஐம்பது காசுகளாகவே ஒருவர் எண்ணிக் கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள். பத்து ரூபாய் நாணயத்துக்கே இந்தக் கதி. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கை விட்டது. எங்கள் பக்கத்துக் கடையில் அதைச் சொன்னபோது, “அவங்க கிட்டயே குடுங்க சார்” என்று பதில் வந்தது.

இனி இந்த ஆய்வின் சொந்தக் கண்டுபிடிப்பு. திருவொற்றியூரில் விம்கோ நகர் என்று ஒரு ரயில் நிலையம், 2021-லிருந்து ஒரு மெட்ரோ நிலையமும் உண்டு. சுவீடன் நாட்டுத் தீப்பெட்டிக் கம்பெனி இங்கே நடத்திய விம்கோ ஆலையால் வந்த பெயர். தீப்பெட்டியோ, தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் ரிசர்வ் வங்கியின் கையெழுத்தில்லாத நாணயம். ஒரு ரூபாய் மீதி வரவேண்டிய இடத்தில் எத்தனை தீப்பெட்டி வாங்கியிருப்போம்! எங்கள் அண்ணாச்சி கல்லாவைத் திறக்கக்கூட மாட்டார். “சில்லறை இல்ல தம்பி, தீப்பெட்டி எடுத்துக்கிடுங்க” என்பார். வீட்டில் அடுப்பு லைட்டரில் எரிகிறது, நான் பீடி சிகரெட் தொடுவதில்லை. இருந்தும் அலமாரியில் ஒரு பரண் அளவுக்குத் தீப்பெட்டி. இது 2021 டிசம்பர் 1 வரை ஓடியது. அன்று, பதினான்கு வருஷம் ஒரு ரூபாயாக நின்ற தீப்பெட்டி இரண்டு ரூபாயானது. ஒரே நாளில் அந்த நாணயம் ஒரு ரூபாய் மீதிக்கு லாயக்கில்லாததாயிற்று. அந்த இடத்துக்கு ஹால்ஸ் மிட்டாய் வந்தது.

அதே சுவீடன், 1972-ல் ஒன்று, இரண்டு ‘ஓரே’ காசுகளை ஒழித்துவிட்டு, மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்துக்கு ஏற்றியோ இறக்கியோ வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. உலகத்தில் அதற்கு ‘சுவீடன் முறை’ என்றே பெயர். மலேசியாவில் 2008 ஏப்ரலில் ஒரு சென்னுக்கு விடைகொடுத்தபோதும் இதே கணக்கு: கடைசி இலக்கம் இரண்டென்றால் கடைக்காரருக்கு நஷ்டம், மூன்றென்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம். ஆக சுவீடன்காரன் நமக்குத் தீப்பெட்டியைக் கொடுத்தான், முறையைக் கொடுக்காமல் போய்விட்டான். நாமும் முழுமையாக்கத்தான் செய்கிறோம், ஆனால் எப்போதும் ஒரே பக்கமாக.

வெளிநாட்டுத் தரவுக்காக ராயபுரத்தில் ஒரு பெரியவரை அணுகினேன். கப்பலில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிஸ்கட் டின் ஒன்றைத் திறந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் வெளுத்துப்போன எகிப்து நோட்டு. ஒருபக்கம் அரபி, மறுபக்கம் ஆங்கிலம், பழைய அரசன் ஒருவனின் முகம், 50 என்ற எண். “அம்பது பவுண்டு மீதி தரணும் தம்பி. தந்தான், அம்பதுன்னு போட்டிருந்துச்சி, பாக்கெட்ல வெச்சிக்கினு வந்துட்டேன். கப்பல் ஏறினப்பறம் பாக்கறேன், அம்பது பியாஸ்தர்.” நூறு பியாஸ்தர் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அரை பவுண்டு கைக்கு வந்திருக்கிறது. “அப்பறம் எந்த ஊர் போனாலும் ஒரே வழிதான். சில்லறய உள்ளங்கையில வெச்சி நீட்டிடுவேன். நீயே எடுத்துக்கோன்னு. ஒருத்தனும் கூட எடுத்ததில்ல.”

இந்தக் கடைசி வாக்கியம் என் ஆய்வைத் திசை திருப்பிவிட்டது. நீட்டிய கையிலிருந்து எடுக்கும்போது எல்லோரும் யோக்கியர். தன் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போதுதான் மறதி வருகிறது. மறதியும் எல்லாத் தொகைக்கும் வருவதில்லை. ஏழு ரூபாய் டிக்கெட்டுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் மீதி 93. அதில் தொண்ணூறு உடனே, சுடச்சுட வரும். மூன்றுதான் இறங்கும்போது. ஆக, தவறிப்போகிற தொகை ஏதோ ஒரு தொகையல்ல. கேட்க நாக்கூசுகிற தொகை. கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்ற எல்லைக்கு ஒரு ரூபாய் கீழே அது நிற்கும். தமிழும் இதற்கு உடந்தை. மீதி கேட்பவனை ஏசச் சில்லறைத்தனம், சில்லறைப் புத்தி என்று இரண்டு சொல் தயாராக இருக்கிறது. கொடுக்காதவனை ஏச ஒன்றுகூட இல்லை. கண்டக்டர் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். விடியற்காலை முதல் டிரிப்பில் ஏறுகிறவன் எல்லாம் ஐந்நூறை நீட்டினால் அந்த மனிதர் எங்கே போவார்? கணக்கில் குறைந்தால் அவர் கையிலிருந்து போகும். வாக்கை வாங்கியவன்தான் உஷாராக இருந்திருக்க வேண்டும். சுந்தரர் உன்னைப் பிரியேன் என்று சொன்னபோது சங்கிலியார் விடவில்லை, அதைத் திருவொற்றியூர் மகிழமரத்தடியில் சத்தியமாக வாங்கினார். மீறியவருக்குக் கண் போயிற்று. நான் “எறங்கும்போது” என்பதை ஓடும் பஸ்ஸில் வாங்கினேன்.

நாக்கூசாத பகுதி ஒன்றும் களத்தில் உண்டு. காசிமேட்டில் நெத்திலி வாங்கப் போனால் மீனம்மா இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து, செதிள் ஒட்டின ஈர நோட்டாக, மீதியைக் கணக்காக எண்ணி வைப்பார். ஐந்து ரூபாய் இல்லையென்றால் “இந்தா, கொசுறு” என்று ஒரு கை நெத்திலியை அள்ளிப் போடுவார். அந்தக் கை ஐந்து ரூபாய்க்கு மேல் பெறும். பண்டமாக வரும் மீதி வாங்குபவருக்கு லாபமாக முடியும் இடம் நான் பார்த்தவரை அது ஒன்றுதான். பஸ்ஸிலோ 2021 மே மாதத்திலிருந்து சாதாரணப் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சில்லறைச் சண்டையில் கைதேர்ந்த பாதிப்பேர் களத்தை விட்டு விலகிவிட்டார்கள். மிச்சமிருப்பது என்னைப் போன்ற கூச்ச சுபாவிகள்.

ஆய்வு நேர்மைக்காக எதிர்த்தரவு ஒன்றையும் பதிவுசெய்கிறேன். ஒரு மருந்துக்கடையில் மீதியோடு ஐம்பது ரூபாய் கூடுதலாக வந்தது. வீட்டுக்கு வந்து எண்ணியபோதுதான் தெரிந்தது. கடைக்கும் வீட்டுக்கும் இருநூறடி தூரம். இது நடந்து ஐந்து மாதமாகிறது. தரவு சேகரிப்பு முடியாமல் களத்தில் குறுக்கிடக் கூடாது என்பதால் இன்னும் போகவில்லை.

ஸ்கேன் பண்ணிவிட்டால் இந்தத் துறையே அழிந்துவிடும் என்று இளைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். டீக்கடையில் பெட்டி வாய்விட்டுத் தொகையைச் சொல்கிறது. மீதி என்ற பேச்சே இல்லை. இப்போது கண்டக்டர் கை மெஷினிலும் ஸ்கேன் வந்துவிட்டது. சோதித்துப் பார்க்கத்தான் போன வாரம் கல்மண்டபத்தில் மறுபடி ஏறினேன். போனை எடுத்தேன். “நெட்டு இல்ல சார், காசா குடு.” பத்து ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் பையைக் குலுக்கிப் பார்த்தார்.

“ரெண்டு ரூபா சில்லற கீதா? அஞ்சா குடுத்துடறேன்.”

இருந்தது. கொடுத்தேன். காலடிப்பேட்டை தாண்டும்போது கூட்டம் நெருக்கியது. தேரடியில் முன்வாசலில் நான், பின்வாசலில் அவர்.

வீட்டில் இரண்டு சான்றுகளையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்த்தேன். பழைய டிக்கெட்டில் மெஷின் அச்சு மங்கி, ஏழு ரூபாய் என்பதே படிக்க முடியாமல் போய்விட்டது. பின்பக்கத்து 3 மட்டும் மங்கவில்லை. புதிய டிக்கெட்டின் பின்பக்கம் 5. வட்டம் இந்த முறை கொஞ்சம் பெரிது. முனைகள் இரண்டும் சரியாகச் சேர்ந்திருக்கின்றன.