திறந்த கதவு திறந்தபடியே நிற்க: மோட்டார்ஹோம் பிடிப்பான் குறித்து ஓர் ஆய்வு

1. சிக்கல்

தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றதும் கண்முன் வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஒதுங்கும் ஏ.சி. வண்டி. அமெரிக்காவில் அதற்குப் பெரியப்பா மகன் உண்டு. பெயர் மோட்டார்ஹோம். ஸ்டியரிங், அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் சுமந்துகொண்டு ஊர் ஊராக ஓடும் வீடு அது. வீடு என்றால் வாசல், வாசல் என்றால் கதவு. இந்தக் கதவு வெளிப்பக்கம் திறக்கும். காற்றாட உட்கார வேண்டுமானால் அது முழுக்கச் சுழன்று, வண்டியின் பக்கச்சுவரை ஒட்டி அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்க வைப்பது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு.

அந்தத் துண்டு உடைந்துபோனால் அதை மாற்றுவது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள். உலகில் இதைவிடப் பெரிய சிக்கல்கள் இருப்பதை ஆய்வாளர் மறுக்கவில்லை. ஆனால் கையில் காபியோடு படியில் நிற்பவரின் முழங்கையில் கதவு வந்து அறைகிற கணத்தில் அவை எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

2. சொல்லாய்வு

முதல் தடை பெயர். அமெரிக்கர்களே இதை ஒருவர் 'டோர் ஹோல்டர்' என்கிறார், ஒருவர் 'டோர் கேட்ச்' என்கிறார், இன்னொருவர் 'ஹோல்ட்பேக்' என்கிறார். உதிரிபாகக் கடையில் உடைந்த துண்டை நீட்டி "இது" என்று சொல்வதுதான் இன்றளவும் பிழையில்லாத கலைச்சொல்.

தமிழின் நிலை இன்னும் வியப்பானது. தாழ்ப்பாள், நாதாங்கி, கொண்டி, கணையமரம் என்று கதவை அடைக்க நம்மிடம் ஒரு கொத்துச் சொற்கள் உண்டு. திறந்ததைத் திறந்தபடி நிறுத்த இருப்பதோ 'முட்டுக்கொடுத்தல்' என்ற வினை மட்டுமே. கருவி எது என்பது அன்றன்று கைக்கு அகப்படுவதைப் பொறுத்தது: அம்மிக்குழவி, செங்கல், காலி சிலிண்டர், நாலாக மடித்த நேற்றைய செய்தித்தாள். வேறு வழியின்றி இக்கட்டுரை அந்த உறுப்பைப் 'பிடிப்பான்' என்றே அழைக்கும்.

3. முன்னோர் ஆய்வுகள்

கதவு பற்றிய தமிழ்ச் சான்றுகளில் தலையாயது திருமறைக்காடு. அங்கே நெடுங்காலம் அடைத்துக் கிடந்த கோயில் கதவு அப்பர் பாடத் திறந்தது, சம்பந்தர் பாட அடைத்துக்கொண்டது என்கிறது பெரியபுராணம். திறக்க ஒரு பதிகம், மூட ஒரு பதிகம். திறந்த கதவு காற்றில் படபடக்காமல் நிற்க வேண்டும் என்று யாரும் பாடவில்லை. கடலோரக் கோயிலுக்கே இந்த நிலை.

அமெரிக்கச் சான்று எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். 1960இல் ஜி.எம்.சி. பிக்கப் வண்டியின் முதுகில் ஒரு சிறு வீட்டை ஏற்றி, டான் குவிக்சோட்டின் குதிரைப் பெயரான ரோசினாந்தேயை அதற்குச் சூட்டி, சார்லி என்ற நாயோடு நாட்டைச் சுற்றி வந்தார். 1962இல் பயணநூல் வெளிவந்தது. வண்டி இப்போது கலிபோர்னியாவின் சலினாஸ் ஊரில் அவர் பெயரிலான மையத்தில் நிற்கிறது. பெயர்க்காரணம் பேசுவோர் பலர். ஆய்வாளருக்கு அந்தக் கதவின் பின்புறம்தான் பார்க்க வேண்டும்.

எதிர்ச்சான்றும் ஒன்று உண்டு. 1969 ஜூலை 24 அன்று நிலவிலிருந்து திரும்பிய மூவரும் ஹார்னெட் என்ற போர்க்கப்பலின் மேல் ஒரு கூண்டுக்குள் அடைக்கப்பட்டார்கள். ஏர்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் சுற்றுலா டிரெய்லரை மாற்றியமைத்துச் செய்த தனிமைக்கூடம் அது. நிலவுக் கிருமி ஏதும் வெளியே கசியக் கூடாதென்று உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தே வைத்திருந்தார்கள். அதிபர் நிக்சன் வெளியே நின்று சன்னல் வழியாகப் பேசினார். திறக்கவே கூடாது என்று ஒரு நாடே கவலைப்பட்ட அந்தக் கதவுக்குப் பிடிப்பான் தேவைப்படவில்லை. மற்ற வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை.

4. வகைப்பாடு

பிடிப்பான்களில் ஐந்து இனங்கள் பரவலாகக் காணப்படுகின்றன. 'டி' இனத்தில் கதவிலிருந்து நீளும் ஆங்கில 'டி' எழுத்து, சுவரிலுள்ள 'சி' எழுத்தின் வாய்க்குள் 'டக்'கென்று புகும். குமிழ் இனத்தில் காளான் தலை ஒன்றை ஒரு ரப்பர் வாய் விழுங்கும். மூன்றாவது, பாட்டி வீட்டுச் சன்னலில் இருக்கும் அதே உலோகக் கொக்கி. நான்காவது காந்தம். ஐந்தாவது, கதவைத் திறந்த நிலையில் தாங்கும் வாயுத் தண்டு, அல்லது எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நிறுத்தும் இறுக்கமான கீல். பணம் படைத்தோர் இனம்.

எல்லா இனங்களுக்கும் ஒரு பொதுப்பண்பு உண்டு. வண்டி ஓடும்போது கதவு மூடியிருக்கும் என்பதால், வண்டி நிற்கும்போது மட்டுமே உழைக்கும் வண்டி உறுப்பு இது.

5. களமும் விசையும்

ஆய்வுக்களம் அரிசோனா பாலைவனத்தின் குவார்ட்ஸைட். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்க அரசு நிலத்தில் அனுமதி உண்டு என்பதால், குளிருக்கு ஒதுங்கும் ஓய்வூதியர்கள் ஆயிரக்கணக்கான வண்டிகளோடு இங்கே கூடுகிறார்கள். மறைக்க மரமில்லை. வெயில், காற்று இரண்டும் தடையின்றி வந்து போகும். பிடிப்பானுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்கூடம் அமைவது அரிது.

கதவு 65 செ.மீ. அகலம், 180 செ.மீ. உயரம் என்று கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகக் காற்று அதை நேராகத் தள்ளினால் சுமார் 9 கிலோ எடையின் அழுத்தம். காற்று 80 கி.மீ. ஆனால் 18 கிலோ என்று நினைப்பவர் ஏமாந்து போவார். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால் அது 36 கிலோவைத் தொடும்.

அடுத்தது இடம். காற்றின் தள்ளல் கதவின் நடுவில் விழுவதாகக் கொண்டால், கதவின் வெளிவிளிம்பில் இருக்கும் பிடிப்பான் அதில் பாதியைத் தாங்கினால் போதும். கீலிலிருந்து கால்பங்கு தூரத்தில் இருப்பது இருமடங்கைத் தாங்க வேண்டும். கிணற்று ஏற்றம் இறைத்த தாத்தாக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

6. பிணக்கூறாய்வு

இறந்த பிடிப்பானின் முறிந்த முகத்தைக் கவனித்தால் மேல்தோல் வெளுத்து, மயிரிழை வெடிப்புகளோடு சுண்ணாம்பாக உதிரும். காரணம் புறஊதாக் கதிர். பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அது துண்டு துண்டாக அறுக்கிறது. கரித்தூள் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் அந்தக் கதிரைத் தானே விழுங்கிக்கொள்வதால் நெடுநாள் தாங்கும். வெள்ளைப் பிடிப்பான் வெள்ளை வண்டியில் எடுப்பாகத்தான் இருக்கும், ஆயுள் கம்மி. பாலிபுரோப்பிலீன் என்றால் குளிரும் கூட்டுச் சேரும்: உறைநிலையை நெருங்கும்போதே அது விறைத்து, வளைவதற்குப் பதில் முறியும். கோடையில் வெந்து, பனிக்கால விடியலில் 'டக்'கென்று மாட்டும்போது உயிர் பிரிகிறது.

பிடிப்பான் போன பிறகு இடைக்கால ஆட்சி. ரப்பர் கயிறு, மடக்கு நாற்காலி, கல், கணவர் ஆகியோர் இப்பதவியை மாறி மாறி வகிப்பதுண்டு.

7. துளைக் கோட்பாடு

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுதான்: பிடிப்பானை மாற்றுகிறவர் உண்மையில் மல்லுக்கட்டுவது பிடிப்பானோடு அல்ல, துளைகளோடு. புதிய பிடிப்பானின் திருகுத் துளைகள் பழையவற்றோடு பொருந்துவதில்லை. கால் அங்குலம் மேலே இருக்கும், அல்லது இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். பிடிப்பானைச் சுற்றிலும் வெயிலில் சுவரின் நிறம் மங்கியிருப்பதால், கழற்றிய இடத்தில் பழையதன் உருவம் நிழல்போலத் தங்கிவிடும். புதியது சிறியதென்றால் அந்த ஆவி கடைசிவரை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அழகு போனால் போகட்டும். தண்ணீர் போகாது, உள்ளே வரும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் சுவர் என்பது ஒரு சாண்ட்விச். வெளியே மெல்லிய ஃபைபர் கிளாஸ் தோல், அதன் பின்னே சில மில்லிமீட்டர் ஒட்டுப்பலகை, பிறகு தெர்மகோல் போன்ற நுரை, இடையிடையே அலுமினியச் சட்டம், எல்லாம் பசையால் ஒட்டியவை. ஒரு திருகுத் துளை வழியே மழைநீர் கசிந்தால் பலகை ஊறும், பசை விடும், சுவர் பூரிபோல உப்பும். சில்லறைக் காசுப் பிளாஸ்டிக்குக்காகத் தொடங்கிய வேலை சுவரையே பெயர்க்கும் வேலையாக முடிந்துவிடக் கூடும்.

8. செய்முறை

முதலில் கதவை முழுக்கத் திறந்து, கீல் முனகாத இடத்தில் நிறுத்தி, கதவுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். பிடிப்பானின் நீளம் அதுவே. குட்டையாக வாங்கினால் கீல் இழுபடும். நீளமாக வாங்கினால் கதவு பிதுங்கி நின்று, பின்னால் காற்றுக்கு வழிவிடும்.

பழையது திருகில் இருந்தால் கழற்றலாம். ரிவெட் என்றால் தலையைத் துளைத்தெடுக்க வேண்டும். அடியில் காய்ந்த பசையைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் இளக்கி, பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுவது நலம்; இரும்புத் தகடு சுவரின் தோலைக் கீறும். பிறகு மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். தட்டுப்படுவது கட்டையா, சட்டமா, வெறும் நுரையா? நுரையில் திருகு நிற்பது தயிரில் ஆணி நிற்பது போல. அங்கே முறுக்க முறுக்க உள்ளே விரியும் ரப்பர் நட்டுத்தான் கைகொடுக்கும். மற்றத் துளைகளை எப்பாக்ஸியால் நிரப்பிக் காயவிட்டுப் புதிதாகத் துளையிடலாம்.

எங்கே துளையிடுவது? ஒரு பாதியைக் கதவில் பொருத்தி, அதன் நுனியில் உதட்டுச்சாயம் தடவி, கதவைச் சுவரோடு சேர்த்து அழுத்தினால் மறுபாதியின் இடம் முத்திரையாக விழும். அடியில் பியூட்டைல் நாடாவை ஒட்டி, துருப்பிடிக்காத எஃகுத் திருகைக் கையாலேயே முடுக்க வேண்டும். மின்துளைப்பான் புதுப் பிளாஸ்டிக்கைப் பிறந்த அன்றே பிளந்துவிடும். நாடா ஓரங்களில் பிதுங்கினால் அடைப்பு சரி. சிலிகோன் பூச ஆசைப்படுவோர் ஒன்று கவனிக்க: அது பட்ட இடத்தில் பிறகு வேறெதுவும் ஒட்டாது, அதுவும் லேசில் போகாது.

கடைசிச் சோதனை, வெயில்மறைப்புத் துணி. அதை விரித்த நிலையில் கதவைத் திறந்தால் மேல்மூலை துணியைக் கிழிக்கலாம். மூலையில் ஒரு சிறு உருளையைப் பொருத்துவது வழக்கம். அதற்கும் திருகு உண்டு. திருகு என்றால் துளை.

9. முடிவுகள்

குவார்ட்ஸைட்டில் ஒரு தம்பதியின் வண்டியில் இம்முறை சோதிக்கப்பட்டது. அது இரண்டாம் கையாக வாங்கிய வண்டி. சுவரில் மூன்று தலைமுறைப் பிடிப்பான்களின் ஏழு துளைகள் இருந்தன. ஏழையும் எப்பாக்ஸியால் அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசி, கறுப்பு 'டி' பிடிப்பான் ஏற்றப்பட்டது. கதவு 'டக்'கென்று நின்றது. மாலைக் காற்றிலும் நின்றது.

மிஞ்சிய திருகுகளைப் போட்டு வைக்க அந்த அம்மாள் சமையலறையின் கடைசி இழுப்பறையைத் திறந்தார். முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பிரிக்காத உறை ஒன்று உள்ளே கிடந்தது. அதில் அதே பழைய இனம், அதே நீளம், இரண்டு துளை. கணவர் அதை வாங்கிப் போய்ச் சுவரில், வண்ணம் இன்னும் ஈரமாக இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். அந்த ஆவியின் உருவத்தோடு அது அச்சாகப் பொருந்தியது.