டிரவுட்டை விடுங்கள், செபாராவ் இருக்கிறது

கேள்வி: நீலகிரி ஓடைகளில் டிரவுட் பிடிக்கிறார்களே, எங்கள் அம்பாங் ஓடைகளிலும் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டால் ஸ்பின்னர் வீசிப் பிடிக்கலாம் அல்லவா?
– வாசகர், அம்பாங்

பதில்: விட்ட மறுநாளே அவற்றுக்குக் கருமாதி செய்ய வேண்டியிருக்கும். டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே திணறும். நீர் சூடேற ஏற அதில் ஆக்சிஜன் குறையும். 1907-இல் நீலகிரியின் டிரவுட் பொரிப்பகத்தை உயரமான அவலாஞ்சியில் அமைத்தது அதனால்தான். அம்பாங்கின் மலையடி ஓடைகளே அந்த 20 டிகிரியைவிடச் சூடு. நம் மலையோர ஆறுகளில் செபாராவ் இருக்கும்போது ஏன் ஏங்க வேண்டும்? முதுகுத் துடுப்புக்குக் கீழே கறுப்புப் பட்டை போட்ட வேட்டைக்காரன் அது. சிறு மீனையும் இறாலையும் துரத்தும். ஸ்பின்னர் தகட்டின் மினுக்கும் அதிர்வும் அதற்கு இரைபோலவே படும். ஓட்டத்துக்குக் குறுக்கே, பாறை நிழலை ஒட்டி வீசுங்கள். தகடு சுழலும் வேகத்தில் இழுத்தால் போதும்.

வெயிலைத் தாங்கும் வேறு வெளிநாட்டு மீனை விடலாமே என்பீர்கள். தாங்குவதுதான் ஆபத்து! பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பெருகிய தென்னமெரிக்க பீக்காக் பாஸ் நம் நாட்டு மீன்களை விழுங்கி வருகிறது. செபாராவில் முள் அதிகம் என்பது நியாயமான குறைதான். அதோடு, சாண் நீள மீனில் சதை எங்கே இருக்கிறது? அதனால் தின்ன நினைக்காமல், பிடித்துத் திரும்ப விட்டுவிடுங்கள். மூன்று முனைக் கொக்கியைக் கழற்றிவிட்டு, எதிர்முள் நசுக்கிய ஒற்றைக் கொக்கி மாட்டுங்கள்; ஈரக்கையால் பிடித்து, உடனே தண்ணீரில் விடுங்கள்.