நிலவர மாமா

ரிசர்வ் வங்கி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டு விலைக் குறியீடு வெளியிடுகிறது. அதில் சென்னை உண்டு, கம்மாபுரம் கிடையாது. அந்தக் குறையை எங்கள் பக்கத்தில் நிலவர மாமா தீர்த்துவைக்கிறார். காலையில் டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்ததும் குறியீடு வெளியாகிவிடும். அன்று விலை ஏறுமா, இறங்குமா, அப்படியே நிற்குமா என்பது எதிரே இருப்பவர் விற்க வந்தவரா, வாங்க வந்தவரா என்பதைப் பொறுத்தது.

மாமா ஒரே ஆள் இல்லை. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் நடுவில் ஊருக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், இன்னொருவர் மகனைச் சிங்கப்பூருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பவர். புரோக்கர் என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். புரோக்கருக்குக் கமிஷன் உண்டு, மாமாவுக்கு டீயோடு சரி. கல்யாணத்துக்குப் போனால் பந்திக்கு முன்பே மண்டபம் எத்தனை சென்ட் என்று விசாரித்துவிடுவார். துக்க வீட்டில் மாலையைப் போட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கிழக்குப் பாத்த மனை... பின் தெரு வரைக்கும் போவுதா?" என்பார்.

அவருடைய முதல் ஆயுதம் அளவு. விற்கிறவருக்காகப் பேசினால் சதுர அடி, வாங்குகிறவருக்காகப் பேசினால் காணி. "சதுரடி வெறும் முந்நூறு ரூபா தம்பி, மெட்ராஸ்ல இதுக்கு என்னா கெடைக்கும்?" என்று காலையில் தூக்கிவிட்ட அதே கொல்லையை, சாயங்காலம் "காணி ஒண்ணே முக்கால் கோடியா? எவன் குடுப்பான்?" என்று தள்ளிவிடுவார். ஒரு காணி 132 சென்ட், அதாவது சுமார் 57,500 சதுர அடி. பெருக்கினால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான். ஆனால் டீக்கடையில் யார் பெருக்கிப் பார்க்கிறார்கள்?

ஏற்றத்துக்குக் காரணம் அவர் மடியிலேயே இருக்கும். "விருத்தாசலம் தனி மாவட்டம் ஆவப்போவுது." கோரிக்கை பழையது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும், அடுத்தது நாம்தான் என்று ஒரே ராத்திரியில் மனை விலையை ஏற்றினார். மாவட்டம் வரவில்லை. ஏற்றிய விலையை அவர் இறக்கவும் இல்லை.

இறக்கத்துக்குக் காரணம் நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. "சுரங்கம் இந்தப் பக்கம் வருது, இப்பப் போயி எவனாச்சும் வீடு வாங்குவானா?" அதே சுரங்கம் மறுநாள் ஏற்றத்துக்கும் உதவும். "நெலம் போன காசை எங்க போடுவாங்க? விருத்தாசலத்துல மனையாத்தான் போடுவாங்க." ஓரிடத்தில் போட்டதை வேறிடத்தில் எடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. சுந்தரர் பன்னிரண்டாயிரம் பொன்னை விருத்தாசலத்து மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவராவது பொன்னில் மாதிரிக்கு மச்சம் வெட்டிக் கையில் வைத்திருந்தார், மாற்றுரைத்துச் சொல்லப் பிள்ளையார் இருந்தார். மனைக்கு மாற்றுரைக்கப் பிள்ளையார் இல்லாததால்தான் மாமாவுக்கு இத்தனை மவுசு.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் என்.எல்.சி. இயந்திரம் இறங்கியபோது மட்டும் மாமா நிலவரம் சொல்லவில்லை. கேட்டவரிடம், "பயிருக்கு என்னாய்யா நெலவரம்?" என்றுவிட்டு எழுந்து போனார்.

அரசாங்கம் எது செய்தாலும் அது அவருக்குச் சாட்சி. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். "கவர்மெண்டே ஒத்துக்கிச்சு பாத்தியா, வெல இறங்குது!" 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி உயர்த்தி, கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள். "நான் அப்பவே சொன்னேன்ல, ஏறும்னு!" இரண்டு முறையும் மாறியது அரசாங்கத் தாளில் இருந்த மதிப்பு. தெருவில் நடக்கும் விலையை அந்தத் தாளில் தேடியது மாமாதான்.

அந்த வழிகாட்டி மதிப்பின் மேல் மாமாவுக்கு இரண்டு மனக்குறை. பத்திரம் பதியும் நாளில் அது ரொம்ப அதிகம். நிலம் எடுக்க ஆபீசர் வரும் நாளில் ரொம்பக் குறைவு. சுற்றுவட்டாரத்தில் பதிவான பத்திரங்களில் என்ன விலை எழுதியிருக்கிறது என்று ஆபீசர் புரட்டும்போது, முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து தானே குறைத்து எழுதிய விலை அதில் சிரிக்கும். "காயிதத்த எல்லாம் நம்பாதீங்க சார்" என்பார் மாமா.

விலை அப்படியே நிற்கும் நிலவரம் மட்டும் வீட்டு உபயோகத்துக்கு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 2005-இல் சட்டம் திருத்தப்பட்டது. அது தெரிந்துதான் பெண்ணாடத்திலிருந்து தங்கை வந்தார். "இப்ப மார்க்கெட்டு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லம்மா, அப்படியே நிக்குது. கொஞ்சம் பொறு" என்றார் மாமா. "நிக்கிற வெலைக்கே என் பங்கக் குடுத்துடுண்ணே, எனக்குப் போதும்" என்றார் தங்கை. மாமாவுக்கு விருத்தாசலத்தில் அவசர வேலை வந்துவிட்டது.

போன மாதம் அவர் சொந்த வீட்டையே ஒருவர் கேட்டு வந்தார். ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்று மாமா வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வீடு. வந்தவர் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, "சரிங்க மாமா, அம்பதே தர்றேன்" என்றார். பேரமே இல்லை. மாமாவின் முகம் வாடிவிட்டது. அன்று ராத்திரி தூக்கம் இல்லை. கேட்டதும் கொடுக்கிறான் என்றால் இன்னும் ஏறப்போகிறது என்று அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது! விடிந்ததும் ஆளைக் கூப்பிட்டு அறுபது என்றார். வந்தவர் கும்பிட்டுவிட்டு, சேத்தியாத்தோப்புப் பக்கம் வேறு வீடு பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த நாள் டீக்கடையில் குறியீடு வெளியானது.

"மார்க்கெட்டு ரொம்ப மந்தம்ப்பா. வீடு வாங்க ஆளே இல்ல."